10 ஆட்டங்களோடு ஸ்பர்ஸ் கைவிட்ட வால்ட்டர் டல்: யார் இவர்?

டிரான்ஸ்ஃபர் காலம் வந்துவிட்டால் நம் கைப்பேசிகளுக்கு ஓய்வே கிடையாது. யார் எங்கே போகிறார், எத்தனை மில்லியன் பவுண்ட், எத்தனை வருட ஒப்பந்தம் என்று வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் சண்டை. நீங்கள் ஸ்பர்ஸ் ரசிகராக இருந்தால் கேட்கவே வேண்டாம். யாரை விற்றார்கள், ஏன் விற்றார்கள் என்ற புலம்பல் உங்களுக்கு நன்றாகவே பழகியிருக்கும்.

இங்கே உங்களுக்குச் சொல்லப்போவதும் ஸ்பர்ஸ் சம்பந்தப்பட்ட ஒரு டிரான்ஸ்ஃபர்தான். நடந்தது 1911ஆம் ஆண்டு அக்டோபரில். முதல் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த டோட்டன்ஹம் ஹாட்ஸ்பர், 23 வயது ஆட்டக்காரர் ஒருவரை நார்த்தாம்ப்டன் டவுன் என்ற சிறிய குழுவுக்கு அனுப்பியது. அவர் பெயர் வால்ட்டர் டல். பெயரைப் பார்த்துவிட்டு டல்லான ஆள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

வால்ட்டர் கறுப்பினத் தந்தைக்கும் வெள்ளையினத் தாய்க்கும் பிறந்தவர். அந்தக் காலத்து இங்கிலாந்தின் உயர்நிலைக் காற்பந்தில் அப்படிப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆர்தர் வார்ட்டன் போன்ற ஒரு சிலர் அவருக்கு முன்னால் ஆடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே ஸ்பர்ஸ் அவரை ஏன் ஓரங்கட்டியது என்ற கேள்விக்கு இன்றைக்கும் உயிர் இருக்கிறது.

தச்சரின் மகன்

வால்ட்டர் பிறந்தது 1888 ஏப்ரல் 28ஆம் தேதி, இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில் உள்ள ஃபோக்ஸ்டன் ஊரில். அப்பா டேனியல் டல், பார்படோஸ் தீவிலிருந்து வந்த தச்சர். அடிமைகளாக வேலை வாங்கப்பட்டவர்களின் வம்சம். 1876இல் ஃபோக்ஸ்டன் வந்தவர், உள்ளூர்ப் பெண்ணான ஆலிஸ் பால்மரைத் திருமணம் செய்துகொண்டார்.

1895இல் ஆலிஸ் இறந்துபோனார். வால்ட்டருக்கு அப்போது 7 வயது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. டேனியல், ஆலிஸின் உறவுப் பெண் கிளாராவை மணந்தார். 1897இல் டேனியலும் போய்விட்டார். வீடு நிறைய பிள்ளைகளுடன் கிளாரா தனியாக நின்றார். வேறு வழியில்லாமல் வால்ட்டரையும் அவருடைய அண்ணன் எட்வர்டையும் லண்டனின் பெத்னல் கிரீன் வட்டாரத்தில் இருந்த மெத்தடிஸ்ட் பிள்ளைகள் இல்லத்துக்கு அனுப்பிவைத்தார்.

அங்கேயும் அண்ணனும் தம்பியும் ரொம்ப நாள் சேர்ந்திருக்கவில்லை. எட்வர்டுக்கு நல்ல குரல். இல்லத்தின் பாடகர் குழுவோடு ஊர் ஊராகப் போனபோது கிளாஸ்கோ நகரக் குடும்பம் ஒன்றுக்கு அவரைப் பிடித்துப்போய், தத்து எடுத்துக்கொண்டது. எட்வர்ட் பிற்காலத்தில் பல் மருத்துவரானார். பிரிட்டனில் அந்தத் தொழிலுக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான் என்று சொல்லப்படுகிறது. அவருடைய கதையையே தனியாக எழுதலாம்.

வால்ட்டர் இல்லத்திலேயே தங்கிவிட்டார். அச்சுத் தொழில் கற்றுக்கொண்டார். மற்ற நேரத்தில் காற்பந்து.

ஒரே பருவத்தில் மூன்று கிண்ணம்

1908இல் கிழக்கு லண்டனின் கிளாப்டன் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. அது சம்பளம் தராத, பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களின் குழு. ஆனால் சாதாரணக் குழு அல்ல. அந்த 1908-09 பருவத்தில் எஃப்ஏ அமெச்சூர் கிண்ணம், லண்டன் சீனியர் கிண்ணம், லண்டன் கவுண்டி அமெச்சூர் கிண்ணம் என மூன்றையும் வென்றது. பத்திரிகைகள் வால்ட்டரை அந்தப் பருவத்தின் கண்டுபிடிப்பாகவே பேசின.

ஸ்பர்ஸ் சும்மா இருக்குமா? அப்போதுதான் இரண்டாம் நிலையிலிருந்து முதல் நிலைக்கு உயர்ந்திருந்த குழு அது. நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தது. 1909 கோடையில் அர்ஜென்டினா, உருகுவே பயணத்துக்கு வால்ட்டரைக் கூட்டிச் சென்றது. கப்பல் பயணம்தான், போய்ச் சேரவே வாரக்கணக்காகும். அந்தக் கோடையிலேயே அவரைத் தொழில்முறை ஆட்டக்காரராக ஒப்பந்தம் செய்தது. சேரும்போது 10 பவுண்ட், பிறகு வாரம் 4 பவுண்ட்.

வெறும் 4 பவுண்டா என்று தோன்றுகிறதா? அதுதான் அன்றைய உச்சவரம்பு. 1901இலிருந்து இங்கிலாந்து லீக்கில் எந்த ஆட்டக்காரருக்கும் வாரம் 4 பவுண்டுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று விதியே இருந்தது. நட்சத்திர ஆட்டக்காரருக்கும் அதேதான். ஆனாலும் அச்சகத்து இளைஞர் ஒருவருக்கு அது பெரிய தொகை.

ஏழு ஆட்டங்கள்

1909 செப்டம்பர் 1. சண்டர்லாண்டுக்கு எதிராக முதல் நிலையில் அவருடைய முதல் ஆட்டம். பத்து நாள் கழித்துச் சொந்தத் திடலில், எஃப்ஏ கிண்ணத்தை வைத்திருந்த மென்செஸ்டர் யுனைடெட்டுடன் மோதல். 30,000க்கும் அதிகமானோர் பார்க்க வந்திருந்தார்கள். யுனைடெட் தற்காப்பு அவரைத் தடுக்கப்போய் ஸ்பர்ஸுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. ஆட்டம் 2-2 எனச் சமனில் முடிந்தது. அடுத்த வாரம் பிராட்ஃபர்ட் சிட்டிக்கு எதிராக ஒரு கோலும் போட்டார். மோசமான தொடக்கம் என்று யாரும் சொல்ல முடியாது, இல்லையா?

பிறகு வந்தது அக்டோபர் 2, பிரிஸ்டல் சிட்டியின் திடலில்.

அன்று பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் வால்ட்டரின் நிறத்தை வைத்து அவரை இழிவாகக் கத்தினார்கள். ஓரிரு குரல் அல்ல. பத்திரிகையில் வரும் அளவுக்கு. ஃபுட்பால் ஸ்டார் என்ற பத்திரிகையின் செய்தியாளர் அதைப் பார்த்துக் கொதித்துப்போய் எழுதினார். மீன்சந்தையில்கூட அத்தனை கீழ்த்தரமான பேச்சைக் கேட்க முடியாது என்ற பொருளில் எழுதியவர், அன்று திடலில் இருந்த தாக்குதல் ஆட்டக்காரர்களில் சிறந்தவர் வால்ட்டர்தான் என்றும், அவருடைய கண்ணியம் வெள்ளையின ஆட்டக்காரர்களுக்கே முன்மாதிரி என்றும் பதிவு செய்தார். 1909இல் ஒரு விளையாட்டுச் செய்தியாளர் இப்படி எழுதியிருக்கிறார் என்பதைச் செய்தித் துறையில் இருப்பவள் என்ற முறையில் நான் ஒவ்வொரு முறையும் வியந்துதான் படிக்கிறேன்.

ஆனால் அந்தக் கட்டுரை வால்ட்டரைக் காப்பாற்றவில்லை. பருவத்தின் தொடக்கத்திலிருந்து தொடர்ச்சியாக 7 லீக் ஆட்டங்களில் ஆடியவர், அந்த அக்டோபர் மாதமே முதல் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்.

அப்போதெல்லாம் மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே கிடையாது. லீக்கில் அது வந்தது 1965இல்தான். முதல் பதினொருவரில் உங்கள் பெயர் இல்லையென்றால், ஓரத்தில் உட்கார்ந்து 70ஆவது நிமிடத்தில் இறங்கலாம் என்ற நம்பிக்கையும் இல்லை. நேராக ரிசர்வ் குழுதான். அடுத்த பருவத்தில் மூன்றே மூன்று ஆட்டங்கள் கிடைத்தன. ஸ்பர்ஸுக்காக அவர் ஆடிய முதல் நிலை ஆட்டங்கள் மொத்தம் 10. கோல்கள் 2.

காரணம் என்ன? வேகம் போதவில்லை, புதிதாக உயர்ந்து வந்த குழுவுக்கு அனுபவசாலிகள் தேவைப்பட்டார்கள் என்று விளக்குபவர்கள் இருக்கிறார்கள். வால்ட்டரின் வாழ்க்கையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து நூல் எழுதிய ஃபில் வசிலி உள்ளிட்டோர், பிரிஸ்டலில் நடந்ததுதான் திருப்பம் என்று கருதுகிறார்கள். காற்பந்தில் ஆட்டக்காரரை நீக்குவதற்குக் காரணம் எழுதிவைக்க வேண்டிய கட்டாயம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் என்று எழுதப்பட்ட அதே மாதத்தில் ஒருவர் காணாமல் போகிறார். எனக்கென்னவோ வேகக் குறைவு என்ற விளக்கம் அவ்வளவாக ஒட்டவில்லை. கத்தியவர்கள் தொடர்ந்து டிக்கெட் வாங்கினார்கள். கத்தப்பட்டவர் ரிசர்வுக்குப் போனார்.

வேறு குழுவுக்குப் போயிருக்கலாமே?

இங்கேதான் அந்தக் கால டிரான்ஸ்ஃபர் முறை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது ஆட்டக்காரருக்கு முகவர் உண்டு, ஒப்பந்தக் காலம் உண்டு. காலம் முடிந்தால் சுதந்திரமாகப் போகலாம். அப்போது அப்படி இல்லை. ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் கையில் இருந்தது. பருவம் முடிந்து ஒப்பந்தம் காலாவதியானாலும், கிளப் விட்டுக்கொடுக்காமல் லீக்கில் வேறு குழுவுக்கு ஆட முடியாது. ஆட வைக்கவும் மாட்டோம், விடவும் மாட்டோம் என்று ஒரு கிளப் சொல்லலாம். சட்டப்படி அது செல்லும்.

இதில் வேடிக்கை, ஆட்டக்காரரின் சம்பளத்துக்குத்தான் உச்சவரம்பு. கிளப்புகள் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளும் தொகைக்கு இல்லை. 1905இலேயே மிடில்ஸ்பரோ, ஆல்ஃப் காமனை வாங்க 1,000 பவுண்ட் கொடுத்திருந்தது. வாரச் சம்பள வரம்பு 1961 வரை நீடித்தது. ஜார்ஜ் ஈஸ்தம் என்ற ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில், 1963இல்தான் நீதிமன்றம் அந்தப் பிடித்துவைக்கும் முறையை ஆட்டம் காண வைத்தது.

ஆக, இரண்டு வருடங்களுக்கு மேலாகப் பெரும்பாலும் ரிசர்வ் குழுவிலேயே ஆடிக்கொண்டிருந்த வால்ட்டரால் செய்யக்கூடியது ஒன்றுதான். யாராவது வந்து கேட்கும்வரை நன்றாக ஆடிக்கொண்டே இருப்பது.

கேட்டவர் யார் தெரியுமா?

ஹெர்பர்ட் சாப்மன். ஆமாம், பிற்காலத்தில் ஹடர்ஸ்ஃபீல்டையும் ஆர்சனலையும் தலைகீழாக மாற்றிக் காட்டிய அதே சாப்மன்தான். 1911இல் அவர் இன்னும் பெரிய பெயர் ஆகவில்லை. தெற்கு லீக்கில் இருந்த நார்த்தாம்ப்டனின் நிர்வாகியாக இருந்தார். முன்பு ஸ்பர்ஸுக்கு ஆடியவர் என்பதால் அந்தக் கிளப்பின் உள்விவகாரம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. கணிசமான தொகை கொடுத்து வால்ட்டரை வாங்கினார். நார்த்தாம்ப்டனின் தற்காப்பு ஆட்டக்காரர் சார்லி பிரிட்டன் ஸ்பர்ஸுக்குப் போனார்.

காகிதத்தில் பார்த்தால் இது சறுக்கல். லண்டனிலிருந்து காலணித் தொழிற்சாலைகள் நிறைந்த ஓர் ஊருக்கு, முதல் நிலையிலிருந்து தெற்கு லீக்குக்கு. நார்த்தாம்ப்டனுக்குத் தனித் திடல்கூட இல்லை. கவுண்டி கிரவுண்ட் என்ற இடத்தைக் கிரிக்கெட்டோடு பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

ஆனா, வால்ட்டருக்கு அங்கே கிடைத்தது லண்டனில் கிடைக்காத ஒன்று. ஒவ்வொரு வாரமும் ஆட்டம்.

முதல் பருவத்தில் தாக்குதல் பகுதியில் ஆடினார். ஓர் ஆட்டத்தில் தனியாளாக 4 கோல் போட்டார். எதிரணி எது என்று ஊகியுங்கள். பிரிஸ்டல் ரோவர்ஸ்! அவரை இழிவுபடுத்தியது பிரிஸ்டல் சிட்டி ஆட்டத்தில். இது வேறு குழு என்பது சரிதான். ஊர் ஒன்றுதானே.

பிறகு அவருடைய இடம் மாறியது. இதைப் புரிந்துகொள்ள அன்றைய ஆட்ட அமைப்பைக் கொஞ்சம் பார்க்கலாம். இப்போது 4-3-3, 4-2-3-1 என்று பேசுகிறோம். அப்போது எல்லாரும் 2-3-5. பின்னால் இருவர், முன்னால் ஐவர், நடுவில் மூவர். அந்த மூவருக்கு ஹாஃப்-பேக் என்று பெயர். இன்றைய மத்தியத் திடல் ஆட்டக்காரர்களின் முன்னோடிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரணியின் தாக்குதலை உடைப்பதும் அவர்கள்தான், பந்தை முன்னால் கொண்டுசேர்ப்பதும் அவர்கள்தான். நுரையீரலும் வேண்டும், நிதானமும் வேண்டும்.

வால்ட்டர் அந்த இடத்துக்கு நகர்ந்தார், அங்கேயே நிலைத்தார். சாப்மன் 1912இல் லீட்ஸ் சிட்டிக்குப் போன பிறகும் குழுவில் அவர் இடம் ஆடவில்லை. நார்த்தாம்ப்டனுக்காக மொத்தம் 110 ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். ஸ்பர்ஸில் அவர் வேகமில்லாத தாக்குதல் ஆட்டக்காரரா என்ற வாதத்துக்கு இங்கே வேலையே இல்லை. கோல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 9தான். ஆனால் மத்தியத் திடல் ஆட்டக்காரரைக் கோலை வைத்து அளப்பது நியாயமில்லை என்று உங்களுக்கே தெரியும்.

1914 டிசம்பர்

முதல் உலகப் போர் 1914 ஆகஸ்டில் தொடங்கியது. காற்பந்துப் பருவம் மட்டும் நிற்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் போர்முனையில் செத்துக்கொண்டிருக்க, நல்ல உடற்கட்டோடு இருப்பவர்கள் பந்து உதைக்கிறார்களே என்று பத்திரிகைகளில் கடும் விமர்சனம். டிசம்பரில் மிடில்செக்ஸ் படைப்பிரிவில் காற்பந்து ஆட்டக்காரர்களுக்கென்றே ஒரு பட்டாளம் தொடங்கப்பட்டது. அதே மாதம் வால்ட்டர் அதில் சேர்ந்தார். நார்த்தாம்ப்டன் ஆட்டக்காரர்களில் முதலில் போனவர் அவர்தான்.

சார்ஜன்ட் நிலைக்கு உயர்ந்து, 1915 நவம்பரில் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். 1916 மே மாதம் மனம் நிலைகுலைந்த நிலையில் சிகிச்சைக்காகத் திருப்பி அனுப்பப்பட்டார். ஓயாத குண்டுச் சத்தம் அப்படிப் பலரை உடைத்தது. இதை மறைத்துவிட்டு வீரக்கதை மட்டும் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதையும் சேர்த்துச் சொல்லத்தான் தோன்றுகிறது, ஏனென்றால் அதே ஆண்டு செப்டம்பரில் அவர் திரும்பவும் போர்முனைக்குப் போனார். சோம் போரின் கடைசிக் கட்டத்தில் இருந்தார்.

அதன் பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். அவரை அதிகாரியாக்க மேலதிகாரிகள் பரிந்துரைத்தார்கள். ஐரோப்பிய வம்சாவளி அல்லாதவர்கள் பிரிட்டிஷ் இராணுவ அதிகாரியாகி வெள்ளையின வீரர்களுக்குக் கட்டளையிட அன்றைய விதிகள் இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் ஸ்காட்லாந்தின் கெய்ல்ஸ் பயிற்சி முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1917 மே 30ஆம் தேதி இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். விதி மாறவில்லை, அவர் விஷயத்தில் யாரோ அதைப் பார்க்காத மாதிரி விட்டுவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் இன்னொரு டிரான்ஸ்ஃபரும் பேசி முடிக்கப்பட்டதாகச் சொல்வார்கள். போர் முடிந்ததும் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் குழுவுக்கு ஆடுவது என்று. கிளாஸ்கோ என்றால் அண்ணன் எட்வர்டின் ஊர். சிறுவயதில் பிரிந்த இருவரும் ஒரே நகரத்தில் இருந்திருப்பார்கள்.

1917 இறுதியில் அவருடைய பட்டாளம் இத்தாலிக்கு அனுப்பப்பட்டது. 1918 தொடக்கத்தில், குளிரில், வேகமாக ஓடும் பியாவே ஆற்றைக் கடந்து எதிரியின் பகுதிக்குள் இரவில் ஊடுருவும் நடவடிக்கையில் 26 பேருக்குத் தலைமை தாங்கினார். எல்லாரையும் சேதமில்லாமல் திருப்பிக் கொண்டுவந்தார். அவருடைய பதறாத குணத்தை ஜெனரல் சிட்னி லாஃபர்ட் எழுத்தில் பாராட்டினார். ஆற்றைக் கடந்த அந்த வீரர்களுக்கு, கட்டளையிடுபவரின் நிறம் அன்று பெரிய விஷயமாக இருந்திருக்காது.

மார்ச் மாதம் மீண்டும் பிரான்ஸ். ஜெர்மனி தன் கடைசிப் பெரும் தாக்குதலைத் தொடங்கியிருந்தது. 1918 மார்ச் 25ஆம் தேதி ஃபவ்ரொய் என்ற ஊருக்கு அருகில், பின்வாங்கிக்கொண்டிருந்தபோது குண்டு பட்டு விழுந்தார். வயது 29. டாம் பில்லிங்ஹம் என்ற வீரர், துப்பாக்கிச்சூட்டுக்கு நடுவே அவர் உடலை இழுத்துக்கொண்டு போக முயன்றார். முடியவில்லை. உடல் கிடைக்கவே இல்லை. அராஸ் நினைவுச் சின்னத்தில், கல்லறை இல்லாத சுமார் 35,000 பேரின் பெயர்களோடு அவர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

மிலிட்டரி கிராஸ் பதக்கத்துக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டிருந்ததாக, இறப்புக்குப் பிறகு குடும்பத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. பதக்கம் வரவில்லை. அதைக் கொடுக்கச் சொல்லிப் பிரிட்டனில் பல ஆண்டுகள் இயக்கமே நடந்திருக்கிறது.

மறதியும் மீட்பும்

பல பத்தாண்டுகளுக்கு அவரைக் கிட்டத்தட்ட யாருக்கும் நினைவில்லை. 1990களில்தான் ஆய்வாளர்கள் பழைய பத்திரிகைகளையும் இராணுவக் கோப்புகளையும் தூசி தட்டினார்கள். 1999இல் நார்த்தாம்ப்டனின் சிக்ஸ்ஃபீல்ட்ஸ் அரங்கத்துக்கு வெளியே நினைவுக்கல் வைக்கப்பட்டது. 2021இல் இங்கிலாந்துக் காற்பந்தின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. மைக்கேல் மொர்பர்கோ எழுதிய சிறுவர் நாவல் ஒன்றுக்கும் அவருடைய கதைதான் தூண்டுதல். பள்ளியில் படித்திருப்பீர்கள், சிலர்.

சிக்ஸ்ஃபீல்ட்ஸில் வால்ட்டர் ஒரு நாளும் ஆடியதில்லை. கிரிக்கெட்டோடு பகிர்ந்துகொண்ட பழைய கவுண்டி கிரவுண்டை விட்டு நார்த்தாம்ப்டன் அங்கே குடிபோனதே 1994இல்தான். ஆனால் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில் ரசிகர்கள் அரங்கத்துக்குப் போகும் சாலையின் பலகையில் எழுதியிருப்பது வால்ட்டர் டல் வே.